தேர் வரும்போது அகலும் தெரு

செவ்வாய்ப்பேட்டை வாசகி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோடு போட்ட தாளில் ஏழு பக்கம். எட்டாவது பக்கத்தில் உங்கள் வீட்டு வாசலைப் படமாக வரைந்திருக்கிறீர்கள். வாசற்படி, அதை ஒட்டி டிச்சு, டிச்சின் மேல் மூன்று சிலாப்புக் கல். நடுக்கல்லில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, ‘இந்தக் கல்லைத் தூக்கி மூணு வருசமாச்சு’ என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லின் மேல் ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் நிற்கிறது. படத்தில் வேறு எதையும்விட அதைத்தான் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். கால் வைக்கிற இடத்தில் நிறுத்திய வெல்ல மூட்டைகூட விடுபடவில்லை. தினமும் பார்க்கிறவருக்குத்தான் அப்படி வரைய வரும்.

கேள்வி ஒன்றுதான் கேட்டிருந்தீர்கள். பொதுவசதி, வண்டி நிறுத்தம், சுற்றுச்சூழல் என்ற இந்த மூன்றிலும் நம்ம கவுன்சிலர்கள் மனசில் என்னதான் வைத்திருக்கிறார்கள், விசாரித்து எழுதக்கூடாதா என்று.

நான் சேலம் குகைப் பகுதியில் வளர்ந்தவன். செவ்வாய்ப்பேட்டை எனக்கு நடந்து பழகிய ஊர். பல வருஷமாக மாமன்ற உறுப்பினர்கள் பேசுவதைக் கேட்டுவருகிறேன். எந்தக் கட்சியானாலும், எந்த வார்டானாலும் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வசதி என்றால் முகம் மலர்ந்துவிடும்: போர் போட்டுத் தருகிறேன், சின்டெக்ஸ் தொட்டி வைக்கிறேன், எல்.இ.டி. விளக்கு மாட்டுகிறேன். சுற்றுச்சூழல் என்றால் மரக்கன்று. வண்டி நிறுத்தம் என்று ஆரம்பித்தால் மட்டும், “அது டிராபிக் போலீஸ் பாக்கறதுங்க” என்று சொல்லிவிட்டு செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

உங்கள் படத்தில் இந்த மூன்றும் ஒரே கல்லில் வந்து நிற்கின்றன. வண்டி நிறுத்த இடமில்லாததால் எக்ஸெல் சிலாப்பின் மேல் ஏறுகிறது. காலையில் தூய்மைப் பணியாளர் கடப்பாரையோடு வரும்போது கல்லைத் தூக்க வழியில்லை. பக்கத்துக் கல்லைத் தூக்கி, கைக்கு எட்டிய மட்டும் வாரிப்போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டிக்காரரைத் தேடிப்பிடித்துச் சாவி வாங்குவது அவர் வேலையில்லை. வாராத கசடு அங்கேயே இறுகுகிறது. மழை பெய்தால் தண்ணீர் உங்கள் வாசற்படி ஏறுகிறது. நீங்கள் கவுன்சிலரிடம் போய் ‘டிச்சு அடைச்சுக்கிச்சு’ என்கிறீர்கள். அவர் துப்புரவு ஆய்வாளருக்குப் போன் போடுகிறார். மறுநாள் பக்கத்துக் கல்லை மறுபடி தூக்குகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1993 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவை என்று 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்துகிறது. ஆறாவது, பொதுச் சுகாதாரமும் குப்பையும். எட்டாவது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு. பதினேழாவது, பொதுவசதிகள், அந்த வரியிலேயே தெருவிளக்கு, வண்டி நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், கழிப்பிடம் நான்கையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில் தெருவிளக்கை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்தத்தைப் போலீசுக்குத் தள்ளுவது எப்படி நியாயமாகும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவும், வண்டிகள் நிற்கும் இடத்தை அந்தப் பகுதி உள்ளாட்சியோடு கலந்து தீர்மானிக்கலாம் என்றுதான் சொல்கிறது. கனரக வண்டிகள் எந்தத் தெருவில், எந்த நேரத்தில் வரக்கூடாது என்று கட்டுப்படுத்த 115ஆவது பிரிவு இருக்கிறது. ஆணை போடுவது மாநகராட்சி இல்லைதான். ஆனால் ‘கலந்து’ என்ற சொல்லுக்கு எதிர்முனையில் ஒருவர் கருத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையா?

அந்தக் கருத்து ஏன் இல்லை? இங்கே கவுன்சிலர் பக்கமும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பேர் வாங்கிய ஊர் உங்களுடையது. சந்தை பிறகு எல்லாக் கிழமைக்கும் பரவிவிட்டது. லீ பஜார் மொத்த வியாபாரம், மூலப்பிள்ளையார் கோவில் பக்கம் வெல்ல மண்டி, சரக்கு ரயில் வந்து நிற்கிற சேலம் மார்க்கெட் ஸ்டேஷன், தெருவுக்குத் தெரு கொலுசுப் பட்டறை. விடிகாலையில் வந்து பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். லாரியின் பின்கதவு திறந்திருக்கும். பலகை ஒன்று சாய்த்திருக்கும். லோடுமேன் கொக்கியால் மூட்டையைக் கொத்தி இழுத்து, குனிந்து, முதுகில் வாங்கி, ஒரு நொடி நிதானித்து, பிறகு ஓட்டமும் நடையுமாகக் கிடங்குக்குள் போவார். லாரி பத்தடி தள்ளி நின்றால் ஒவ்வொரு மூட்டைக்கும் பத்தடி கூட நடக்கவேண்டும்; ஒரு லாரியில் எத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டால் தெரியும். ஆகவே லாரி கிடங்கு வாசலிலேயே நிற்கிறது. அதன் பின்னால் ஒரு குட்டியானை வேன், அதன் பக்கத்தில் மூன்று எக்ஸெல், நடுவே ஸ்கூல் ஆட்டோ. இதில் தப்புப் பண்ணுகிறவர் என்று யாரைக் கைகாட்டுவீர்கள்?

லாரிக்காரருக்கு இந்த வார்டில் ஓட்டில்லை. மண்டிக்காரருக்கு இருக்கிறது, திருவிழாவுக்கு நன்கொடை தருகிறவரும் அவர்தான். பட்டறைக்காரருக்கும், அவருக்குக் கட்டிடம் வாடகைக்கு விட்டவருக்கும் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது, ஆனால் ஒன்றுதான். தெருவிளக்கு மாட்டினால் எதிர்க்க ஆளில்லை. கல்வெட்டில் பேரும் வரும். ‘பகல் பதினோரு மணிக்கு மேல் இந்தத் தெருவில் லோடு இறக்கக்கூடாது’ என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தால் கல்வெட்டு வைக்க முடியாது, எதிரிகள்தான் மிஞ்சுவார்கள். 2023 ஜூலையிலிருந்துதான் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் மதிப்பூதியம் வருகிறது. பத்தாயிரத்துக்கு ஊர்ப்பகையா என்று அவர் நினைத்தால் அந்த நினைப்பு எனக்குப் புரிகிறது. மன்னிக்க முடியாது, புரிகிறது.

“இடமே இல்லையேங்க, நான் எங்கே போய் நிறுத்தச் சொல்றது?” என்று உங்களிடம் கேட்டாராமே. இதற்கு மட்டும் என்னிடம் நேரான பதில் இருக்கிறது. ஆடி மாதம் செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் தேர் வருகிற நாளில் அந்தத் தெருவைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் ராத்திரியே கடைக்கு வெளியே நீட்டிய தகரம் கழன்றுவிடும். குறுக்கே தொங்கிய ஒயர் மேலே ஏறிவிடும். பத்து வருஷமாக ஒரே இடத்தில் நின்று துருப்பிடித்த வண்டிகூட எங்கோ போய்விடும். அதே திருவிழாவில் வண்டி வேடிக்கை; ஜோடித்த வண்டியில் சாமி வேஷம் கட்டி உட்கார்ந்து ஊரே வேடிக்கை பார்க்க நகர்ந்து போகிற அகலம் அந்தத் தெருவுக்கு இருக்கிறது. வருஷத்தில் சில நாள் அகலமாகி, மற்ற நாளெல்லாம் குறுகிப்போகிற தெரு அது. அம்மனுக்காக எடுத்துவைத்த தகரத்தை உங்கள் வாசற்படிக்காக எடுக்கச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குத்தான் ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

இடம் கட்டிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்கிற நம்பிக்கையும் எனக்குக் குறைவு. ஸ்மார்ட் சிட்டி பணத்தில் ஆனந்தா பாலத்துப் பக்கம் அடுக்கு வண்டி நிறுத்தம் வந்தது. பழைய பேருந்து நிலையத்தை இடித்து ஈரடுக்காகக் கட்டி 2023 ஜூன் 11இல் முதல்வர் திறந்துவைத்தார். நல்லது. ஆனால் வெல்லம் வாங்க வருகிறவர் அங்கே எக்ஸெலை விட்டுவிட்டு மூட்டையோடு நடந்து வரப்போவதில்லை. ஜப்பானில் 1962லேயே ஒரு சட்டம் போட்டார்கள்: கார் வாங்குகிறவர் அதை நிறுத்தத் தன்னிடம் இடமிருக்கிறது என்று போலீசிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டவேண்டும். இங்கே அதைச் சொன்னால் சிரிப்பார்கள். நம் ஊர்க் கட்டிட விதிகளிலும் கடை கட்டினால் வண்டி நிறுத்த இடம் விடவேண்டும் என்று இருக்கத்தான் இருக்கிறது. வரைபடத்தில் ‘வாகன நிறுத்தம்’ என்று எழுதி அனுமதி வாங்கிய கீழ்த்தளம் எத்தனை ஊரில் கிடங்காக மாறிக் கிடக்கிறது என்பது நீங்கள் அறியாததல்ல.

டிச்சுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், ‘பட்டறைத் தண்ணி விடுற அன்னைக்குத் தொண்டை கமறும்’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நான் அந்த வரியில் வெகுநேரம் நின்றேன். கொலுசு ஒன்று முடிவதற்குள் பல கை மாறுகிறது: கம்பி இழுக்கிறவர், அச்சில் வெட்டுகிறவர், பற்றவைக்கிறவர், மெருகு போடுகிறவர். பற்றவைத்ததும் வெள்ளி கறுத்துவிடும். அமிலம் கலந்த தண்ணீரில் போட்டுத்தான் வெளுக்கவைக்கிறார்கள். பழைய வெள்ளியைச் சுத்தம் பண்ண நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் செம்பழுப்பாகப் புகை வரும். பட்டறைக்காரர்களில் பெரும்பாலோர் கூலிக்கு உட்காருகிறவர்கள். அந்தப் புகையை முதலில் குடிக்கிறது அவர்கள் நெஞ்சுதான். மிச்சத் தண்ணீர் போக வேறு வழி கட்டித் தராதவரை அது டிச்சுக்குத்தான் போகும். நகைப் பட்டறைத் தெருக்களில் டிச்சு மண்ணைச் சாக்கில் வாரிப்போய், தண்ணீரில் அரித்து, பொடிப்பொடியாக வெள்ளி எடுத்துப் பிழைக்கிறவர்கள் உண்டு. டிச்சில் என்ன போகிறது என்று சரியாகத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் அவர்கள் மட்டும்தான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

அந்தத் தண்ணீர் டிச்சிலிருந்து எங்கே போகிறது? திருமணிமுத்தாற்றுக்கு. மழை நீரோடு நகரத்துச் சாக்கடையும் சாயத் தண்ணீரும் சுமந்துகொண்டு அந்த ஆறு நாமக்கல் மாவட்டத்துக்குள் இறங்கி, பரமத்தி வேலூர்ப் பக்கம் நஞ்சை இடையாறில் காவிரியைத் தொடுகிறது. மழைக்காலத்தில் மதியம்பட்டியில் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை நிற்கிற படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அந்த நுரைக்குள் இறங்கி வயலுக்குப் போகிறவருக்கும் உங்கள் வார்டில் ஓட்டில்லை. லாரிக்காரரைப் போலவே. சுற்றுச்சூழல் என்றதும் மரக்கன்று மட்டும் ஏன் நினைவுக்கு வருகிறது என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கன்று வார்டுக்குள்ளேயே நிற்கும். சாக்கடை வார்டைத் தாண்டிப் போய்விடும்.

சேலத்தில் கருத்துள்ள நகரசபை உறுப்பினர்களே இருந்ததில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1866இல் நகரசபை கண்ட ஊர் இது. 1882இல் உறுப்பினரானவர் விஜயராகவாச்சாரியார். அதே வருஷத்துக் கலவர வழக்கில் அவரையும் சேர்த்து, கீழ்க் கோர்ட்டில் தண்டித்து, நகரசபைப் பதவியையும் பறித்தார்கள். மேல் கோர்ட்டில் நிரபராதி என்று வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. போன பதவிக்காக வெள்ளைக்கார அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தார். 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய மனிதர், ஒரு வார்டு பதவியை அவ்வளவு பெரிதாக நினைத்திருக்கிறார்.

அடுத்தவர் ராஜாஜி. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவர். அதே காலத்தில் அங்கே ஈரோட்டில் நகரசபைத் தலைவர் யார் தெரியுமா? பெரியார். பின்னால் இருவரும் எந்தெந்தத் திசையில் போனார்கள் என்பது ஊரறிந்த கதை. அந்த இரண்டு மூன்று வருஷம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் குழாயையும் டிச்சையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேலத்தில் அக்ரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தொழிலாளியை ராஜாஜி போட்டார். சொந்த ஜனமே எதிர்த்து நின்றது. அவர் மாற்றவில்லை. குழாய்த் தண்ணீர் ஒரு வசதி. அதை யார் கை திறக்கும் என்பது ஒரு கருத்து. சொந்தத் தெருவில் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் மாறாமல் நின்றதால்தான் நூறு வருஷம் கழித்தும் அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் ஒரு காலம் கவுன்சிலரே இல்லாமலும் போனது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றுமில்லை; ஆனால் மறக்கக்கூடாத விஷயம். 2016 செப்டம்பரில் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. அடுத்த மாதமே மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் தள்ளித் தள்ளிப்போய் 2022 பிப்ரவரி 19இல்தான் ஓட்டுப் போட்டோம். அந்த ஐந்தேகால் வருஷத்தில்தான் பேருந்து நிலையம், வண்டி நிறுத்தம், ஆற்றங்கரை, ஏரிக்கரை வேலையெல்லாம் திட்டமாகி டெண்டராகித் தோண்டவும் ஆரம்பித்தார்கள். தனி அலுவலர் ஒருவர், திட்டத்துக்கென்று அமைத்த கம்பெனி ஒன்று. உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று கேட்க அறுபது வார்டிலும் ஒரு உறுப்பினர் இல்லை. ‘அவங்க இருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பாங்க’ என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. கிழித்திருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். திட்ட ஒரு ஆளாவது இருந்திருப்பார் அல்லவா? ஆணையாளர் அறை வாசலில் நின்று திட்ட முடியாது. கவுன்சிலர் வீட்டு வாசலில் முடியும். அதுவே பெரிய பொதுவசதி.

சரி, இனி நீங்கள் செய்யவேண்டியது. 2022இல் தமிழ்நாட்டில் நகரங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று விதி வந்துவிட்டது. கிராமசபை மாதிரி. உங்கள் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எவரும் பகுதி சபையில் உட்காரலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூடவேண்டும். முதல்முறையாக 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று கூடியது; தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதல்வரே போய் உட்கார்ந்தார். அதன் பிறகு பல ஊர்களில் அது பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, பொன்னாடை, போட்டோ என்று சுருங்கிவிட்டது என்பது வேறு விஷயம். ஆனாலும் அங்கே ஒரு நோட்டு இருக்கும். பேசியதை அதில் எழுதியாக வேண்டும்.

அங்கே போய் ‘பார்க்கிங் வேணும்’ என்று கேட்காதீர்கள். கேட்டால் ‘பரிசீலனையில் இருக்கு’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். ‘டிச்சு அடைச்சிருக்கு’ என்றும் சொல்லாதீர்கள். பக்கத்துக் கல்லைத் தூக்குவார்கள். இரண்டே விஷயம் கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் காலை ஆறிலிருந்து எட்டு வரை தெருவின் ஒரு பக்கத்தில் ஒரு வண்டியும் நிற்காது, அன்றைக்கு எல்லாச் சிலாப்பையும் தூக்கி வாரவேண்டும். மறுவாரம் அடுத்த பக்கம். இதற்குக் காசு வேண்டாம், இடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். மண்டிச் சங்கத்திடமும் பட்டறைக்காரர்களிடமும் யார் போய்ச் சொல்வது என்பது மட்டும்தான் பாக்கி, அதை அவர் சொல்லட்டும். இரண்டாவது, லோடு இறக்கும் நேரத்தை வரையறுக்க மாமன்றத்தின் இயல்புக் கூட்டத்தில் அவர் வாயால் கேட்பாரா, மாட்டாரா. ‘ஆம்’ என்றாலும் எழுதட்டும், ‘முடியாது’ என்றாலும் எழுதட்டும். ‘முடியாதுங்கம்மா, மண்டிக்காரங்க கோவிச்சுக்குவாங்க’ என்று நேராகச் சொன்னால்கூட அவரை நான் மதிப்பேன். மூன்று விஷயத்திலும் கவுன்சிலர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டீர்களே, அன்றைக்கு அந்த நோட்டில் விழுகிற வரிதான் பதில். எனக்கு அதைவிட நம்பகமான வழி தெரியவில்லை.

தனியாகப் போகாதீர்கள். எக்ஸெல்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று வருஷமாக உங்கள் வாசலில் நிறுத்துகிறவர். ஒரு டம்ளர் காபி கொடுத்துப் பேசினால் வருவார் என்றே நினைக்கிறேன். அவருக்கும் எங்கேயாவது ஒரு வாசற்படி இருக்கும், அதன்முன் யாருடைய வண்டியோ நிற்கும்.

உங்கள் பெயரையும் தெருவையும் போடவேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. எட்டாவது பக்கத்துப் படத்தை மட்டும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூட்டத்துக்குப் போகும்போது உங்களுக்கு அது வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் குகைக்காரன்